மூன்றாம் மாடியில் கல்யாணம்

புல்லின் மேல்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது, அறை முழுக்கப் பச்சைப் புல்லைப் பரப்பி வைத்திருக்கிறாள் திகிஸ்த், பூப்போட்ட பழைய ஓட்டுத் தரை எங்கேயும் தெரியவில்லை, மூலையில் கரியடுப்பின் மேல் காப்பிக்கொட்டை வறுபட்டு வெடிக்கிறது, அதன் புகையும் சாம்பிராணிப் புகையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜன்னலைத் தேடிப் போகின்றன, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி வாசலிலேயே நிற்கிறாள் புஷ்பராணி, இத்தனை பசுமையை மிதிக்க மனம் வராமல். மிதி, மிதிக்கத்தான் போட்டிருக்கிறேன், என்கிறாள் அடுப்படியிலிருந்து திகிஸ்த், எங்கள் எத்தியோப்பியாவில் கல்யாண வீட்டில் புல் பரப்பாமல் காப்பி ஊற்றமாட்டார்கள், உன் மகள் எனக்கும் மகள்தானே. அவர்கள் பேசிக்கொள்வது அரபு, ஆனால் அது வீட்டுவேலைக்கு வந்த பெண்களின் அரபு, துடை, கழுவு, கொண்டு வா, சீக்கிரம் என்று ஏவிய வாய்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சொற்கள், அந்தச் சொற்களை வைத்துக்கொண்டே இந்தப் பெண்கள் ஊர்க்கதை பேசினார்கள், சண்டை போட்டார்கள், ஒருத்தியின் தகப்பன் செத்த செய்தி வந்தபோது ஆறுதலும் சொன்னார்கள், புஷ்பராணிக்கு இப்போது கனவுகூடச் சில சமயம் அந்த மொழியில்தான் வருகிறது, கனவில் மகள் நிரோஷினி ஐந்து வயதாகவே இருந்து அரபில் தண்ணீர் கேட்கிறாள்.

ஐந்து வயது இல்லை, இருபது முடிந்துவிட்டது, இன்றைக்குக் கல்யாணம். கடலுக்கு அப்பால் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் கோயில் மண்டபத்து வாசலில் வாழை கட்டியிருப்பார்கள், முற்பகலில் முகூர்த்தம், இங்கே பெய்ரூத்தில் அப்போது காலைத் தேநீர் குடிக்கிற நேரம்தான், அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாகப் பூர்ஜ் ஹம்மூதின் இந்த ஒடுங்கிய தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்த பெண்கள் எல்லாம் கையில் பாத்திரமும் தலையில் பூவுமாக வந்து மூன்று மாடி ஏறிக்கொண்டிருக்கிறார்கள், காலையில் எவளாவது ஆடுவாளா என்று மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே. முதலில் வந்தவள் மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி, குட்டையான உருண்டையான பெண், ஒரு தோளில் அவியல்போல நூடுல்ஸ் நிறைந்த பெரிய தட்டு, மறுதோளில் பெட்டி அளவு ஸ்பீக்கர், வந்ததும் வராததுமாக புஷ்பராணியைத் திருப்பி நிறுத்திப் புடவைக்கு ஊக்கு குத்தினாள், மணப்பெண்ணின் அம்மா இப்படியா கசங்கி நிற்பது, முதுகை நிமிர்த்து, என்றாள். புடவை குசுமாவதியுடையது, குசுமக்கா நாவலப்பிட்டிக்காரி, சிங்களத்தி, தமிழ் தண்ணீர்பட்ட பாடு, இந்த அறைக்கு வருகிறவர்களில் புஷ்பராணி தன் வாய்க்கு வந்தபடி பேசக்கூடிய ஒரே ஆள், அரக்குச் சிவப்பில் சரிகை வைத்த புடவையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இத நான் என் மகன் கல்யாணத்துக்கு எடுத்து வச்சேன் நங்கி, அவன் எனக்குச் சொல்லாமலே கட்டிக்கிட்டான், நீ கட்டு, என்று போன வாரமே சொல்லியிருந்தாள், நங்கி என்றால் அவள் மொழியில் தங்கச்சி.

கல்யாணம் நிச்சயமான செய்தி வந்த நாளில் புஷ்பராணி அழுததைப் பார்த்துத்தான் திகிஸ்த் சொன்னாள், போக முடியாதா, சரி, கல்யாணத்தை இங்கே வைப்போம் என்று. போக முடியாதுதான், பாஸ்போர்ட் இரண்டாவதாக வேலை செய்த வீட்டு மேடத்தின் அலமாரியில் இருந்தது, இருக்கிறதோ கிழித்துவிட்டாளோ, அந்த வீட்டில் வெளிக்கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது, பால்கனியில் கம்பளம் தட்டும்போது மட்டும்தான் வெயில், ஒருநாள் மத்தியானம் குப்பைப் பையோடு கீழே அனுப்பினார்கள், தொட்டிக்குள் பையைப் போட்டவள் திரும்பி மாடி ஏறவில்லை, ஏறக்கூடாது என்று நினைத்துச் செய்யவில்லை, கால் ஏறவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டடத்திலிருந்து குப்பை கொட்ட வந்த உயரமான கறுத்த பெண் ஒருத்தி இவளை மேலும் கீழும் பார்த்தாள், தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வெறுங்காலாய் நின்ற இவள் முன்னால் போட்டாள், ஒரு வீட்டு முகவரியை மூன்று தரம் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், அவள்தான் திகிஸ்த், அந்த முகவரிதான் இந்த அறை. அன்றிலிருந்து காகிதம் இல்லாத ஆள், மணிக்கணக்கில் வீடு துடைக்கிற ஆள், போலீஸ் வண்டியைக் கண்டால் கடைக்குள் நுழைந்து வேண்டாத சாமானை விலை கேட்கிற ஆள், தூதரகத்தில் எழுதிக் கொடுத்து அலைந்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள், அலையத் தயாராகத்தான் இருந்தாள், அக்காதான் ஃபோனில், என்னாத்துக்கு அவசரப்படுற தங்கச்சி, நாந்தான் இருக்கேனே, நீ ஆற அமர வா, என்றாள், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஐந்து வயதிலிருந்து பிள்ளையை வளர்த்தவள் மங்களக்கா, புஷ்பராணியின் புருஷன் வேறொருத்தியோடு கொழும்புக்குப் போய்த் தொலைந்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் கதவை இவளுக்கும் பிள்ளைக்குமாகத் திறந்துவிட்டவள்.

வெளிநாடு புறப்பட்ட அன்று மகளிடம், டவுனுக்குப் போயிட்டு வந்துர்றேன், என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள், வேன் வந்து நிற்கிறது, நிரோஷினி வாசலில் சிரட்டையில் மண் அடைத்துக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருக்கிறாள், எனக்கு முறுக்கு, என்கிறாள் தலையை நிமிர்த்தாமல், வாங்கியாறேன், என்கிறாள் இவள், இரண்டு வருடம்தானே என்று வேனுக்குள் இருந்த மற்றப் பெண்கள் சொல்கிறார்கள், எல்லாருக்கும் இரண்டு வருடம்தான். முதலில் ஃபோனில் அழுதாள் பிள்ளை, அம்மா நீ எப்ப வார, நீ எப்ப வார, பிறகு புத்தகப்பை கேட்டாள், காலுக்குச் சப்பாத்து கேட்டாள், பெரியவளானதை மங்களக்கா சொல்லித்தான் தெரியும், எந்த வருடம் என்று தெரியவில்லை, நீ என்பது நீங்க ஆயிற்று, சொல்லுங்க, ம், சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், பெரியம்மாகிட்ட குடுக்கவா, என்று ஆயிற்று, மரியாதை வந்துவிட்டது பிள்ளைக்கு என்று இவள் குசுமக்காவிடம் பெருமையாகச் சொன்னாள், குசுமக்கா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தாள்.

மரிசெல் ஸ்பீக்கரை முடுக்கினாள், அறை குலுங்கியது. எத்தியோப்பியப் பெண்கள் வெள்ளை உடையின் கரையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டமாக நின்று தோளை உதறத் தொடங்கினார்கள், கால் அசையவில்லை, இடுப்பு அசையவில்லை, தோளும் கழுத்தும் மட்டும் தனியாகப் பிரிந்து வந்து ஆடுவதுபோல, தலையிலிருந்து மழைத்தண்ணீரை உதறுகிற குருவிகள்போல, மரிசெலின் கூட்டம் வரிசை கட்டி இடது பக்கம் இரண்டு எட்டு வலது பக்கம் இரண்டு எட்டு என்று ஒரே மாதிரி திரும்பியது, அதற்குள் குசுமக்கா பாட்டை மாற்றச் சொல்லித் தன் ஊர் ஆட்டப்பாட்டான பைலாவைப் போடவைத்தாள், பைலா கேட்டதும் ஐம்பது தாண்டிய அந்த உடம்பு பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு சுழன்ற சுழற்சியில் எல்லாரும் கைதட்டி ஒதுங்கி இடம் விட்டார்கள், புல் நசுங்கி அறையெங்கும் பச்சை வாசம். கதவை யாரோ இடித்தார்கள், கீழ்வீட்டு ஹாக்கோப் கிழவர், ஆர்மேனியர், கட்டடத்துக்குச் சொந்தக்காரர், பைஜாமாவும் கோபமுமாக நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரை என் தலையில் விழுகிறது, உங்களுக்கு என்ன பைத்தியமா, என்கிறார், கல்யாணம் ஐயா, என்கிறாள் திகிஸ்த், யாருக்கு, இவள் மகளுக்கு, எங்கே பெண், இலங்கையில், கிழவர் புஷ்பராணியைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், இறங்கிப் போனவர் சற்றைக்கெல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார், கையில் ஒரு தட்டு நிறையச் சர்க்கரை பூசிய பாதாம், எங்கள் கல்யாணத்தில் இதைத்தான் கொடுப்போம் என்று ஒவ்வொரு பெண்ணின் உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டே வந்து இவளிடம் வந்ததும் குனிந்து, மபுரூக், வாழ்த்துக்கள் அம்மா, என்றார். அம்மா என்று வெள்ளைத்தோல் கிழவர் ஒருவர் தன்னைச் சொன்னதும் புஷ்பராணி பாதாமைச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாள், கடிக்க முடியாத அளவு கெட்டியாக இருந்தது, இனித்தது.

வா, நீயும் ஆடு, உன் மகள் கல்யாணம், என்று திகிஸ்த் இழுக்கிறாள், எனக்குத் தெரியாது, என்கிறாள் இவள், காலை மறந்துவிடு, தோளை மட்டும் நினை, என்கிறாள் திகிஸ்த், இவள் நினைத்துப் பார்க்கிறாள், தோள் என்று ஒன்று இருப்பதே கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலிருந்து இறங்கி அறுக்கும்போதுதான் முன்பெல்லாம் தெரியும், இப்போது தெரிவது கம்பளம் உதறும்போது, ஒரு உதறு, இன்னொரு உதறு, சரியாக வந்துவிட்டது, எல்லாரும் ஓவென்று கத்துகிறார்கள், சிரிக்கிறாள், சிரிப்பு நின்றபாடில்லை, அந்தச் சிரிப்போடுதான் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர்வதை உணர்ந்தாள், மங்களக்கா.

பால்கனிக்கு ஓடினாள், கண்ணாடிக் கதவைச் சாத்தியும் சத்தம் பின்னாலேயே வந்தது, அங்க என்னா கூத்து தங்கச்சி, என்றாள் அக்கா, நம்ம நிரோ கல்யாணம்க்கா, எல்லாரும் வந்திருக்காளுங்க, தாலி கட்டியாச்சா, வீடியோவ போடுக்கா, ஏன் சும்மா கூப்பிடுற, என்று இவள் மூச்சுவிடாமல் பேச, கட்டியாச்சு, நல்லபடியா கட்டியாச்சு, நீ கொஞ்சம் பொறுமையா கேளு, என்றாள் அக்கா, குரல் கூட்டத்திலிருந்து ஒதுங்கி எங்கோ சுவரோரம் நின்று பேசுகிற குரல். தலவாக்கலைப் பக்கம் நல்ல குடும்பம் தங்கச்சி, மாமியாக்காரி டீச்சரா இருந்தவ, மொத தடவ பொண்ணு பாக்க வந்தப்பவே தாய் எங்கன்னு கேட்டாங்க, வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போனவ, அங்க வீட்ட விட்டு ஓடிட்டா, காகிதம் இல்லாம இருக்கான்னு எப்படிடி சொல்றது, ஒனக்கே தெரியும் இங்க என்னா பேசுவாங்கன்னு, அக்கா நிறுத்தினாள், இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கம்பி வெயிலில் காயத் தொடங்கியிருந்தது. என்னான்னு சொன்ன, என்று கேட்டாள். தாய் இல்லன்னு சொன்னேன், என்றாள் அக்கா, இல்லன்னுதான் சொன்னேன், செத்துட்டான்னு என் வாயால சொல்லல, அவங்களா அப்படி எடுத்துக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன்.

எதிர்மாடியில் ஒரு பெண் படுக்கைவிரிப்பை உதறிக் கம்பியில் போடுகிறாள், உள்ளே பாட்டு மாறுகிறது. புள்ளைக்கு தெரியுமா, என்று இவள் கேட்டது அக்காவுக்குக் கேட்கவில்லை, திரும்பவும் கேட்டாள், தெரியும், என்றாள் அக்கா, தெரியும்டி, அவ ஒன்னும் பேசல, ஆனா இன்னிக்கு காலையில மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்க, தாய் படத்துக்கு மாலை போட்டு வெளக்கேத்தி கும்புட்டுட்டு மணவறையில ஒக்காரட்டும்னு, மாலையும் வாங்கியாந்துட்டாங்க, அப்பத்தான் புள்ள கத்துனா பாரு, படமே இல்ல, எங்கம்மா படமே எங்கிட்ட இல்லன்னு, பெட்டிக்குள்ள துணிக்கடியில ஒன் படம் இருந்துச்சு, நானே பாத்திருக்கேன், ஒரு மாதிரி சமாளிச்சு ஒக்கார வச்சேன், அக்கா இப்போது அழுதுகொண்டிருந்தாள், ஒன் எடத்துல நின்னு தாரை வாத்துக் குடுத்தது நாந்தான் தங்கச்சி, என்ன மன்னிச்சுக்க. அவசரப்படாதே, ஆற அமர வா, என்று அக்கா முன்பு சொன்ன அந்தச் சொற்கள் வேறு முகத்தோடு திரும்பி வந்து எதிரில் நின்றன, புஷ்பராணி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்ப வீடியோவுல கூப்பிடுவா, என்றாள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாப்பிள்ளையும் பக்கத்துல இருப்பாரு, வெளிநாட்டுல ஒரு சின்னம்மா இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கு, நீயும் அப்படியே பேசிரு, புள்ள வாழ்க்கடி. ம், என்றாள் இவள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எல்லா முகங்களும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன, ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வியர்த்த நெற்றிகளோடு, மரிசெல் இரண்டு கையையும் விரித்து என்ன ஆயிற்று என்று கேட்டாள், இவள் கதவைத் திறந்தாள், எவ்வளவு நேரம் வாசலில் நின்றாளோ, ஒரு கணமாகவும் இருக்கும், சொல்லிவிடலாம், சொன்னால் இத்தனை பேரும் புல்லின் மேல் உட்கார்ந்து தன்னோடு அழுவார்கள், அழுது தீர்த்துவிடலாம், காப்பி ஆறும், தட்டுகள் மூடியபடியே இருக்கும், இந்தப் பெண்களில் ஒருத்திக்காவது தன் பிள்ளை தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ என்கிற யோசனை இன்று இரவு வரும், அந்த யோசனையை இவர்கள் தலையில் ஏற்றுவதா. தாலி கட்டிவிட்டார்கள், என்றாள் அரபில், சத்தமாக, மகள் இப்போது கூப்பிடுவாள், உங்கள் எல்லாருக்கும் காட்டுகிறேன். மரிசெல் குதித்தாள், திகிஸ்த் வந்து கட்டிக்கொண்டாள், அவள் தோளில் கரிப்புகை வாசம், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குசுமக்கா மட்டும் கண்ணைச் சுருக்கி, என்னா நங்கி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, என்றாள் தமிழில், ஒன்னும் இல்லக்கா, சந்தோசந்தான், என்றாள் இவள்.

அழைப்பு வந்தது. திரையில் முதலில் ஒரு கூரைதான் தெரிந்தது, பிறகு காதோரம், பிறகு முகம், நெற்றிச்சுட்டியும் மாலையும் மஞ்சளும், இது யார் இவ்வளவு அழகாக, தன் அம்மாவின் தாடைதான் இவளுக்கு வந்திருக்கிறது, அருகில் மீசை மெல்லிய ஒரு பையன், வெட்கமும் வியர்வையுமாக, திலகராஜ் என்று பெயர், பெண்கள் இவள் முதுகின் மேல் சாய்ந்தும் எக்கியும் திரைக்குள் தலையை நீட்டிக் கையசைக்கிறார்கள். சின்னம்மா, என்றாள் நிரோஷினி.

அந்தச் சொல் எங்கே வந்து விழும் என்று தெரிந்து இவள் காத்திருந்தாள், இருந்தும் விழுந்தபோது வலித்தது, இவங்கதான் நான் சொன்ன சின்னம்மா, என்று பக்கத்தில் திரும்பிச் சொல்கிறாள் மகள், வணக்கம் சின்னம்மா, நீங்க கல்யாணத்துக்கு வந்திருக்கலாமே, தாயி இல்லாத புள்ளைக்கு நீங்களாச்சும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், என்கிறான் பையன், நல்ல பிள்ளை, குரலிலேயே தெரிகிறது. லீவு கெடைக்கல தம்பி, என்றாள் புஷ்பராணி, தன் குரல் இத்தனை நிதானமாக எங்கிருந்து வருகிறது என்று வியந்துகொண்டே, அடுத்த தடவ வருவேன், புள்ளய நல்லா பாத்துக்குங்க, என் அக்கா மக, ரொம்ப அருமையா வளத்த புள்ள, ராவுல இடி இடிச்சா பயப்படும், சின்னதுல அப்படித்தான், இப்ப எப்படின்னு தெரியாது. நிரோஷினியின் கண்மை கலங்கத் தொடங்கியது, கீழே பார்த்தாள். பின்னாலிருந்து மரிசெலுக்குப் பொறுக்கவில்லை, இவளைக் காட்டி, திரையைக் காட்டி, மாமா, மாமா, என்று கத்தினாள், உடனே அறை முழுக்கக் கையைத் தட்டிக்கொண்டு மாமா, மாமா, மாமா, என்று பாடத் தொடங்கிவிட்டது, அரபிலும், மரிசெல் வாயிலும், திகிஸ்த் வாயிலும் மாமா என்றால் அம்மாதான், உலகத்தில் பாதிப் பேருக்கு அதுதான், பையன் விழித்துவிட்டுச் சிரித்தான், மாமாவா, அங்க மாமா யாரு சின்னம்மா, எங்களுக்குச் சொல்லவே இல்லையே, என்றான். இவளும் சிரித்தாள், அது ஒன்னும் இல்ல தம்பி, இங்கத்த பாஷையில சின்னம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க, என்றாள்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற குசுமக்காவின் கை இவள் முழங்கையில் விழுந்தது, அவளுக்குத் தமிழ் தெரியும், எல்லாச் சொல்லும் கேட்டிருக்கிறது, குசுமக்கா இவள் முகத்தைப் பார்த்தாள், உதடு கோணத் தொடங்குவதைப் பார்த்தாள், சட்டென்று விலகிப் போய் ஸ்பீக்கரின் திருகை முழுக்கத் திருப்பினாள், பாட்டு சுவரை முட்டியது, ஆடுங்கள், மணமக்களுக்கு ஆடிக் காட்டுங்கள், என்று அரபில் கத்தி எல்லாரையும் நடு அறைக்கு இழுத்தாள், பெண்கள் ஆரவாரத்தோடு அங்கே போனார்கள், இவள் மட்டும் ஃபோனோடு நின்றாள், அழுதால் இனி யாருக்கும் கேட்காது. திரையில் யாரோ மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அவன் கையைக் கூப்பிவிட்டு நகர்ந்தான், நிரோஷினி மட்டும் இருந்தாள், முன்னும் பின்னும் பார்த்தாள், ஃபோனை முகத்துக்கு மிகக் கிட்டே கொண்டுவந்தாள், மாலையின் பூ திரையில் மோதியது, பிறகு அவள் வாய் அசைந்தது, ஒரே ஒரு சொல்தான், உதடு ஒட்டிப் பிரிந்தது. பாட்டின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. என்னா, என்னா சொன்ன, என்று இவள் கத்துவதற்குள் திரை இருண்டு தன் முகமே அதில் தெரிந்தது, அம்மா என்று சொல்ல உதடு ஒரு தடவைதான் ஒட்டும், சின்னம்மா என்று சொல்லவும் ஒரு தடவைதான், அவள் தன் வாயிலேயே சொல்லிப் பார்த்தாள், இதை, அதை, திரும்பவும் இதை.

பாட்டு முடிந்தது, எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள், வைத்துவிட்டாளா, அழுதாளா, எவ்வளவு அழகு, கண் உன் கண், கடைசியில் உன்னிடம் ஏதோ சொன்னாளே, நான் பார்த்தேன், என்ன சொன்னாள், என்றாள் திகிஸ்த், புஷ்பராணி இருண்ட திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அம்மா என்று சொன்னாள், என்றாள் குசுமாவதி அரபில், கீழே குனிந்து காப்பிக் கிண்ணங்களைப் பொறுக்கியபடி, யாரையும் பாராமல், நான் பக்கத்தில்தானே நின்றேன், நன்றாகப் பார்த்தேன், அம்மா என்றுதான் சொன்னாள். எத்தியோப்பியப் பெண்களின் நாக்குகள் சுழன்று ஒரே குலவை எழுந்தது, ஒருத்தி நிறுத்தும்போது இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள், தெருவில் ரொட்டி வாங்கப் போனவர்கள் நின்று மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் புஷ்பராணி குனிந்து, நெசமாவாக்கா, என்று தமிழில் கேட்டாள், குசுமக்கா கிண்ணங்களை வைத்துவிட்டு நிமிர்ந்து, நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே இவள் கையைப் பிடித்தாள், வா நங்கி, என்றாள், மக கல்யாணத்துல தாயி சும்மா நிக்கக் கூடாது, வந்து ஆடு.